கரை நாள்

காலக் கொஞ்சம் நீட்டிக்கிடுதேன் தங்கச்சி, தப்பா நெனைக்காத. கணுக்கால்ல தையல் போட்டிருக்கு. மடக்குனா விண்ணு விண்ணுன்னு தெறிக்கி. ராமநாதபுரத்துலதான் போட்டாக, இன்னைக்குக் கட்டு மாத்திட்டு வாரேன். நீ எங்க எறங்கணும்? கீழக்கரையா? நான் அதுக்கு முன்னாலயே எறங்கிருவேன், அந்தோனியார்மேடு வெலக்குல.

அங்க சொந்தபந்தம் ஒண்ணும் கெடையாது. எங்க படகு நிக்கி. வல போடுத படகு இல்ல, பாய் கட்டி ஓட்டுத படகு. நானும் எங்க வீட்டுக்காரவுகளும் தூத்துக்குடியில இருந்து கரையப் புடிச்சிக்கிட்டே வேளாங்கண்ணிக்குப் போறோம். எதுக்குன்னு கேக்காத. எல்லாரும் அதத்தான் கேக்காக. பஸ்ஸு இருக்கு, ரயிலு இருக்கு, பேரன் பேத்தி எடுத்த வயசுல கடல் மேல போவானேன்னு. ஆசைதான், வேற என்ன.

எங்க அப்பா தோணித் தண்டல். கொழும்புக்கு வெங்காயம் ஏத்திப் போற தோணிய ஓட்டுனவரு. அந்தத் தோணியில என் தம்பிமாரு எல்லாரும் ஏறிட்டானுவ, என்னய ஒரு நாளு ஏத்தல. பொம்பள மிதிச்சா காத்து விழுந்திரும்னுட்டாரு. சரி விழட்டும்னு இருக்க நம்மால ஆகுமா? நீச்சல் படிச்சேன். பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர் ஆனேன். மெட்டில்டா டீச்சர்னா இன்னைக்கும் எங்க ஊர்ல பிள்ள பெத்துத் தாயானவளும் எந்திரிச்சி நிப்பா. ரிட்டயர் ஆன கையோட பாய்ப் படகு ஒண்ண வாங்கிப் பனிமயம்னு பேரு வச்சேன்.

எங்க வீட்டுக்காரவுக பேரு கஸ்பார். டெலிபோன் ஆபீசுல இருந்தாக. பரதவ வீட்டுப் பிள்ளைதான், ஆனா வளந்தது பூரா விருதுநகரு. நீச்சல் தெரியாது. தண்ணியப் பாத்தா கொமட்டும். கடக்கரையில நின்னு அலையப் பாத்தாலே மூஞ்சி வெளுத்திரும்னா பாத்துக்கோ. அவுகளப் படகுல ஏத்த நான் பட்ட பாடு இருக்கே. ஒரு வருசம் பேசிப் பேசி, அழுது, சோறு பொங்காம கெடந்து, கடைசியில மாதா பேரச் சொல்லித்தான் ஏத்துனேன். வேளாங்கண்ணிக்கு நேந்திருக்கேன், கடல் வழியா வாரேன்னு நேந்திருக்கேன்னு. நெசத்துல நான் ஒண்ணும் நேரல. அவுக ஏறணும்ல?

அப்பா சொல்லுவாரு, தோணியில ரெண்டு வாய் ஆகாதுன்னு. அதனால ஏறுன அன்னைக்கே சொல்லிட்டேன். கரையில நீங்க எனக்கு மாப்பிள்ள, என்னங்கன்னு கூப்புடுவேன். படகுல நீங்க கையாளு. அங்கன கஸ்பார்னு பேரு சொல்லித்தான் கூப்புடுவேன், கயித்த இழுன்னா இழுக்கணும், வுடுன்னா வுடணும். அவுக தலைய ஆட்டுனாக. பாவம், ஏறுன நேரத்துல இருந்து வாந்தி. வாளிய மடியில வச்சிக்கிட்டே கயிறு இழுத்தாக. நான் விசில எடுத்து ஒரு ஊது ஊதுவேன், துள்ளிக்கிட்டு எந்திரிப்பாக. சிரிப்பா வரும் எனக்கு. வேம்பார்ல போயி நங்கூரம் போட்டதும் மணல்ல கவுந்து படுத்துக்கிட்டு எந்திரிக்கவே இல்ல. பச்சப் பிள்ள தாய் மடியில கெடக்க மாதிரி கெடந்தாக.

அங்கனதான் ஒரு ஒப்பந்தம் கேட்டாக. ரெண்டு நாளு ஓட்டம்னா ரெண்டு நாளு கரை. கரை நாள்ல உத்தரவு கெடையாது, என்னய வச்சி வெளாட்டுக் காட்டக் கூடாதுன்னு. சரின்னேன். சாயந்தரம் படகுக்குத் திரும்ப மட்டும் விசில் ஊதுவேன், ரெண்டு ஊது ஊதுனா தண்ணி ஓரத்துல வந்து நிக்கணும், ரப்பர் ஓடத்துல வந்து கூட்டிக்கிடுவேன்னேன். அதுக்கும் சரின்னாக. எல்லாத்துக்கும் சரிதான் அவுகளுக்கு. சரிங்கிற சொல்லக் கட்டிக்கிட்டுத்தான் இத்தன வருசம் குடும்பம் நடத்திருக்கேன்.

அப்படியே வந்து அந்தோனியார்மேட்டுல நின்னோம். தங்கச்சி, அந்த எடத்தப் பாக்கணுமே நீ. கடல் குளம் மாதிரி கெடக்கும், மாசி மாசம்லா. காத்தே இல்ல. காத்து வார வரைக்கும் கரைதான். அவுகளுக்குக் கேக்கணுமா? காலையில எறங்குனா சாயந்தரம் வரைக்கும் ஓலக் கொட்டாயில ஒக்காந்து சீட்டு. கழுத ஆட்டம். கூட வியாகுலம்னு ஒரு மீன்காரரு, இன்னும் ரெண்டு பெருசுக. பக்கத்துல செசிலின்னு ஒருத்தி பலகாரக் கடை வச்சிருக்கா. அவ பொரிச்ச மீன வாழ இலையில வச்சிக் குடுப்பா. இவுக தின்னுக்கிட்டே ஏதாவது சொல்லுவாக, அவ வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிப்பா. எங்க வீட்டுல வாயத் தொறக்காத மனுசன் அங்கன கத சொல்லுதாக. டெலிபோன் ஆபீசுல எவனோ ராங் நம்பர் போட்டுக் கலியாணம் முடிச்ச கதையாம். எனக்கு ஒரு நாளு சொன்னதில்ல அத. நான் படகுல ஒக்காந்து பாயத் தச்சிக்கிட்டே கேக்கேன், தண்ணி மேல சத்தம் நல்லாக் கேக்கும். சிரிப்புச் சத்தந்தான் வரும், கத வராது.

ஒரு நாளு நானும் கரைக்கிப் போனேன். செசிலி டீயக் குடுத்துட்டு, பணிவா நின்னு கேக்கா, டீச்சர், ஒங்க கூட வந்திருக்க அந்த ஆளு தங்கமான மனுசரு, எத்தன வருசமா ஒங்ககிட்ட வேல பாக்காருன்னு.

எப்படி இருக்கும் எனக்கு? நீயே சொல்லு. வேலக்காரன்னு நெனச்சிருக்கா. விசில் ஊதி வரச் சொல்லுதேன்லா, அதப் பாத்துட்டு. சரி, அவ நெனச்சது போகட்டும். இவுக சொல்லணும்லா? இது என் பொண்டாட்டி, டீச்சரு, தண்டல் மகள்னு ஒரு வார்த்த? அத்தன நாளு அங்கன ஒக்காந்து ஊர்க்கதையெல்லாம் பேசிருக்காக, எனக்குன்னு ஒரு சொல்லு இல்ல. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. இந்த மனுசனுக்கு நம்ம மேல ஏதாவது இருக்கா, இல்லையா? இது தெரியாமலே செத்துப் போவோமோன்னு ஒரு பயம் வந்திட்டு.

அதான் பாத்துருவோம்னு செஞ்சேன்.

மறுநாளு மத்தியானம் அவுக சீட்டாடிக்கிட்டு இருக்காக. நான் படகுல இருந்து குதிச்சி நீந்தி வந்தேன். அவுக பாக்க மாதிரி எடத்துல, கொண்டைய அவுத்து விட்டுட்டு, கவுந்து மெதந்தேன். கைய ரெண்டையும் விரிச்சிப் போட்டு, அசையாம. மூச்சு அடக்குதது எனக்கு வெத்தல போடுத மாதிரி. பள்ளிக்கூடத்துல பிள்ளையளுக்கே சொல்லிக் குடுத்திருக்கேன்.

வந்தாக, தங்கச்சி. வந்தாக. செருப்பக் கூடக் கழட்டலன்னு வியாகுலம் பொறவு சொன்னாரு. கையில இருந்த சீட்டோட, வேட்டியோட, திமுதிமுன்னு தண்ணிக்குள்ள எறங்குதாக. மத்தவுக எந்திரிக்கதுக்கு முன்னால இவுக இடுப்பளவுக்கு வந்தாச்சி. பொறவு நெஞ்சு. பொறவு கழுத்து. கால மிதிக்கத் தெரியாத மனுசன், தண்ணியக் குடிச்சிக்கிட்டே வாராக. மெட்டில், மெட்டில்னு கத்துதாக. மெட்டில்னு என்னய அவுக கூப்புட்டே எத்தனையோ காலம் ஆச்சி, கலியாணம் ஆன புதுசுல கூப்புட்டது. என் முடியப் புடிச்சி இழுத்து, நெஞ்சோட சேத்துக்கிட்டு, ஏ மெட்டில், என்னய விட்டுட்டுப் போயிராத தாயின்னு அழுதாக.

ஒடனே கண்ணத் தொறந்திருக்கலாம். தொறக்கல. பொய் சொல்ல மாட்டேன், இன்னுங் கொஞ்சம் கேப்போம்னு ஆசையா இருந்துச்சு. யாருக்குத்தான் இருக்காது? அதுக்குள்ள அவுகளுக்குக் காலு நழுவிட்டு. உள்ள போயிட்டாக. பொறவுதான் நான் எந்திரிச்சி, முடியப் புடிச்சித் தூக்கி, ஒத்தக் கையால இழுத்துக்கிட்டு வந்து மணல்ல போட்டேன். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. சந்தோசச் சிரிப்பு. அங்கன நின்ன அத்தன பேருகிட்டயும் சொன்னேன், பாத்துக்கோங்க, இவுக வேலக்காரரு இல்ல, என் மாப்பிள்ள, எனக்காவ உசுரக் குடுக்க வந்தவுகன்னு. எல்லாரும் சிரிச்சாக. செசிலி மட்டும் சிரிக்கல, அவளுக்குப் பொறாம.

அவுக வாந்தி எடுத்தாக. அந்த வாந்தியிலயோ, தண்ணிக்குள்ள கத்தும்போதோ, மேல் பல்செட்டு போயிட்டு. வாயத் தொறந்தா பொக்க. அந்த மூஞ்சியோட நிமிந்து என்னய ஒரு பார்வ பாத்தாக பாரு, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். எல்லாரும் பாத்தாக, பொக்க வாயக் கையால பொத்திக்கிட்டாக. வெளாட்டுத்தானே? செத்தா போனேன்? சாகலைன்னு சந்தோசந்தானே படணும் ஒரு மனுசன்?

அதுக்குப் பொறவு பேச்சு நின்னு போச்சி. ஒரு வார்த்த இல்ல. என்கிட்டன்னு இல்ல, யாருகிட்டயும். பல்லு இல்லாம பேசக் கூச்சம்னு நெனச்சேன். தவக்காலம் வேற, எங்காளுவள்ல செல பேரு மௌனம் எடுப்பாக, அப்படி ஏதும் நேந்துக்கிட்டாகளோன்னும் நெனச்சேன். கோவமான்னு கேட்டேன். இல்லன்னு தலைய ஆட்டுனாக. அவ்வளவுதான், கோவம் இல்ல. காலையில கரைக்கிப் போவாக, சீட்டாடுவாக, செசிலி குடுத்த கஞ்சியக் குடிப்பாக. சாயந்தரம் நான் விசில் எடுக்கதுக்கு முன்னாலயே தண்ணி ஓரத்துல வந்து நிப்பாக. வியாகுலத்துகிட்ட ரப்பர் ஓடத்துக்குத் துடுப்புப் போடக்கூடப் படிச்சிட்டாக. நல்லா திருந்திட்டாகன்னு எனக்கு ஒரே பெரும. அடியாத மாடு படியாதும்பாக, சும்மாவா?

ஆனா பல்லு இல்லாம மீனப் பிச்சிப் பிச்சிச் சப்புதது பாக்கப் பாவமா இருக்கும். என் பங்குக்கு நானும் ஏதாவது செய்யணும்லா? அந்தப் பல்செட்டத் தேடித் தெனம் முங்குனேன். அவுக உள்ள போன எடத்துலதான் கெடக்கணும், மணலு, பாறை, எடையில எவனோ அத்துவிட்ட பழைய வலை. ஒண்ணர ஆளு ஆழந்தான். மண்ணக் கையால அளாவி அளாவிப் பாப்பேன், மூச்சு முட்டுனா மேல வருவேன், திருப்பியும் முங்குவேன். கரையில அவுக பாத்துக்கிட்டே இருப்பாக. எனக்குத் தெம்பா இருக்கும். மன்னிச்சிக்கிடுங்கன்னு வாயால சொல்ல எனக்கு வராது தங்கச்சி, எங்க வம்சத்துக்கே வராது. பல்ல எடுத்துக் குடுத்துட்டா அதுல எல்லாம் அடங்கிப் போச்சில்லா?

கெடச்சிட்டு. நம்ப மாட்ட, பாறை இடுக்குல, சிரிச்ச மாதிரி கெடக்கு. எடுத்துட்டேன். மேல வாரதுக்குக் கால ஒதைக்கேன், வல மாட்டிக்கிட்டு. நைலான் வல. இழுக்க இழுக்க இறுகுதே தவிர விடல. கணுக்காலு கிழிஞ்சது எனக்குத் தெரியவே இல்ல. வல கொஞ்சம் இழுபட்டா மூஞ்சி மேல வரும், ஒரு மூச்சு கெடைக்கும், பொறவு உள்ள இழுத்துரும். பல்ல மட்டும் நான் விடல. கைய மேல தூக்கிட்டேன். மூஞ்சி ஒரு தடவ மேல வந்தப்பம், என்னங்கன்னு கத்துனேன். தண்ணிக்குள்ள இருந்தா கரையா படகான்னு யாரு யோசிக்கா? என்னங்கன்னுதான் வந்துச்சி.

நான் பல்லு கெடச்ச குஷியில கையாட்டுதேன்னு பெருசுக கைதட்டுச்சாம். வியாகுலத்துக்கு மட்டும் என்னமோ பட்டிருக்கு. அண்ணாச்சி, அக்கா கூப்புடுதாக, ஒரு மாதிரி இருக்குன்னு சொல்லிருக்காரு. இவுக சும்மா கைய ஆட்டிக் காமிச்சாகளாம், அவ நடிக்கான்னு. சீட்டக் கலைச்சிப் போட்டாகளாம். வியாகுலம் பொறவு எங்கிட்ட சொல்லும்போது தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. எதுக்குக் குனியணும்? ஒரு தடவ ஏமாந்தவுக மறுதடவ சூதானமாத்தான் இருப்பாக. சூடு கண்ட பூனை. எனக்கு அதுல வருத்தமே இல்ல.

கடைசியில செசிலிதான் எண்ணச் சட்டியத் தள்ளி விட்டுட்டுக் கூப்பாடு போட்டுக்கிட்டு ஓடி வந்தாளாம். வியாகுலம் கத்தியோட நீந்தி வந்து வலைய அறுத்தாரு. என்னய மணல்ல போட்டு அமுக்குனாக. மூக்கு வழியா, வாய் வழியா உப்புத் தண்ணியா வருது. கண்ணு மங்கலா இருக்கு. எல்லாரும் சுத்தி நிக்காக. இவுக மெதுவா வந்தாக. செருப்பக் கழட்டிக் கையில வச்சிருந்தாக, நனைஞ்சிரக் கூடாதுன்னு. குனிஞ்சி, மூடியிருந்த என் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சிப் பல்ல எடுத்துக்கிட்டாக. எடுத்துக்கிட்டு நேர செசிலி கடைக்கிப் போயி, சுடுதண்ணிய மோந்து கழுவி மாட்டிக்கிட்டு, ஒரு மீன் தின்னாக. பசி. நான் அத ஒண்ணும் நெனைக்கல. எத்தன நாளாக் கஞ்சியையே குடிச்ச மனுசன்.

நீ ஏன் இப்படிப் பாக்குற? இரு, முழுசாக் கேளு.

நல்லதுதான் நடந்துச்சி. மறுநாளு காலையில ஆஸ்பத்திரியில எனக்கு டீ வாங்கிட்டு வந்தாக. பக்கத்துல ஒக்காந்து, ஆத்தி, கையில குடுத்தாக. எப்பம் குடுத்திருக்காக இப்படி? பேச ஆரம்பிச்சிட்டாக. நாம போவோம் மெட்டில்னாக. எங்கன்னேன். கடலுக்குத்தான், இந்தக் கரையோரமா ஊந்துதது போதும், கரை கண்ணுக்குத் தெரியாத எடமாப் பாத்துப் போவோம்னாக. தண்ணியப் பாத்தாலே கொமட்டுத மனுசன், தங்கச்சி. நான் அழுதுட்டேன். தையலப் பிரிச்சிட்டுப் போங்கன்னு டாக்டரு சொல்லுதாரு, அவுக கேக்கல. இந்தக் காலோட நான் நீந்த முடியாது, துடுப்புப் போட முடியாது. அதுக்கென்ன, நான் இருக்கேன்லான்னு சொல்லுதாக. பாம்பன் வரைக்கும் தொணைக்கி வாரேன்னு வியாகுலம் கெஞ்சுனாரு. குடும்பமாப் போறோம், மூணாவது ஆளு எதுக்குன்னு அவுகதான் வேண்டாம்னுட்டாக. வாயே இல்லாத மனுசன் பேசுத பேச்சப் பாரு. காத்தும் கெளம்பிட்டு, நாளைக்கு விடியப் பொறப்படுதோம்.

செசிலி நேத்து என் காலடியில வந்து ஒக்காந்துக்கிட்டு, டீச்சர் நீங்க பஸ்ஸுல ஊருக்குப் போயிருங்கன்னு அழுதா. பொறாமன்னு சொன்னேன்ல. அவளுக்கு என்ன தெரியும், என் மாப்பிள்ளைக்கு என் மேல இருக்கது? நடிச்ச அன்னைக்கு நான் கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன், அவுக மூஞ்சியப் பாக்கல. ஆனா அந்த டீயக் குடுத்துட்டுச் சொன்னாக பாரு, அதுலதான் எனக்கு முழுசா நம்பிக்க வந்திட்டு.

என்ன சொன்னாகன்னா, மொதத் தடவ நீ நல்லா மெதந்த மெட்டில், நானே நம்பிட்டேன், நேத்து அப்படி இல்லன்னாக. நேத்து ஒன் கை வெறச்சிப் போயிருந்துச்சி. வெரலு நீலம் பாஞ்சிட்டு. மூஞ்சி மேல வந்தப்பம் வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, கண்ணு ரெண்டும் பிதுங்கி என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சி. மூணு தடவ மேல வந்த, மூணு தடவயும் என்னையத்தான் பாத்தன்னாக. மெதுவா, டீய ஆத்திக்கிட்டே.

எண்ணிருக்காக, தங்கச்சி. எனக்கே தெரியாது எத்தன தடவ மேல வந்தேன்னு. அம்புட்டுத் தூரத்துல இருந்து, கையில சீட்ட வச்சிக்கிட்டு, என் வெரலு நெறம் வரைக்கும் பாத்திருக்காக. பாசம் இல்லாதவன் அப்படிப் பாப்பானா?

சொல்லு, பாப்பானா?

சரி, எந்திரிக்கேன், அந்தா வெலக்கு வந்திட்டு. மரத்தடியில நிக்காகள்லா, அவுகதான், என்னயக் கூட்டிட்டுப் போக வந்திருக்காக.

கைய விடு தங்கச்சி. எதுக்கு இப்படி இறுக்கிப் புடிச்சிருக்க? விடு, பஸ்ஸு எடுத்துருவான்.